‘வெல்’ என்றால் கிணறு

சென்னைப் பட்டணத்தில் இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவர் என்று நான் ஒரே ஒருவரைத்தான் ஒப்புக்கொள்வேன். முப்பத்தைந்து வருஷம் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், நம்பலாம். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் மொத்தம் ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் துரை, வக்கீல், டாக்டர் எல்லோரையும் சமாளித்தார். எனக்கு ஆயிரக்கணக்கில் தெரியும். பால்காரரைக்கூட நான் சமாளித்ததில்லை.

அந்தச் சொல் ‘வெல்’. தெருவில் அவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

யுத்தம் தொடங்கிய சமயம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மந்தைவெளியில் புகுந்த வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் அவர்கள் வீட்டுப் பித்தளை வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன். மாமியார் என் கையில் மிஞ்சியிருந்த கயிற்றை மட்டும் ஒரு தடவை பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வக்கீல் வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள்.

“வாளி விழுந்துடுத்தா? இதுக்குப் போய் யாராவது அழுவாளா? வெல்லக் கூப்பிட்டாப் போறும்.”

“வெல்லத்தையா மாமி?”

“வெல்லம் இல்லை, வெல்! இப்போ தெருவோட கத்திண்டு போவான் பாருங்கோ. எங்காத்துலயே நாலு குடம் எடுத்துக் குடுத்திருக்கான்.”

மாமி சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் ஒரு குரல் எழுந்தது. “வெல்லேய்... வெல்லு!” கூடவே சலங் சலங்கென்று இரும்புச் சத்தம். ஆறடி உயரம், தோளில் கயிற்றுச் சுருள், இடுப்பில் பாதாளக்கரண்டி. அது கொக்கி கொக்கியாகத் தொங்கும் ஓர் இரும்புக் குலை. கிணற்றில் விழுந்தது எதுவானாலும் அதில் மாட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். வராவிட்டால் வெல்லே உள்ளே இறங்கிவிடுவார்.

ஆள் நொச்சிக்குப்பத்துக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்தில் போன குடும்பம். இவருக்கு மட்டும் கடலைக் கண்டால் கை கால் உதறும். குப்பத்தில் எல்லோரும் கேலி செய்வார்களாம். அதைப் பற்றி அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

“இன்னா பண்றதும்மா? கடலுக்கு ஒரு பக்கந்தான் கரை. கெணத்தப் பாரு, சுத்திச் சுத்திக் கரை. எந்தப் பக்கம் வுழுந்தாலும் ஒரு சொவுரு கைக்குக் கெடைக்கும்.”

வாளியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

“நீ டீச்சராமே? இன்னா சொல்லிக் குடுக்கற?”

“இங்கிலீஷ்.”

“அப்பிடியா! எங்க சொல்லு, கெணத்துக்கு இங்கிலீசுல இன்னா?”

“வெல்.”

“அவ்ளோதாம்மா இங்கிலீசு. மிச்சத்தையெல்லாம் எதுக்குப் புள்ளைங்க தலையில போட்டுக்கினு கீறீங்கோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கிணற்றடியில் குந்திக்கொண்டு எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அடையாற்றுப் பங்களாக்களில் தோட்டக் கிணறு தூர்வாருவது இவர்தான். பத்து வருஷமாகத் துரைமார் பேசுவதைக் காதில் வாங்கி, யோசித்து, ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“வெள்ளைக்காரன் எத்தப் பேசினாலும் மொதல்ல இன்னா சொல்றான்? ‘வெல்’லுன்றான். அப்பாலதான் விசயத்துக்கு வரான். நம்மாளு புள்ளையார் சுழி போட்டுக்கினு எழுதறான்ல, அந்த மாதிரி அவன் கெணத்த நெனச்சுக்கினு பேசறான். எப்பிடி கீறன்னு கேட்டா ‘வெரி வெல்’லுன்றான். கெணத்துல தண்ணி நெறைய கீதுன்னு அர்த்தம். தண்ணி கீற ஊட்ல எல்லாம் நல்லாத்தானே இருப்பாங்கோ? ஊருக்குப் போறவனுக்கு ‘பேர்வெல்’லுன்றான். பேரு வாங்கின கெணறாப் பாத்துத் தங்குடான்னு.”

“அப்போ ‘வெல்கம்’?” என்றேன், மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு.

“துரை அவரு நாயக் கூப்புடறாரே, ‘கம், கம்’முன்னு! அதான். கெணத்தாண்ட வான்றான். வெயில்ல வந்தவனுக்கு மொதல்ல தண்ணி காட்டணுமா வாணாமா?”

ஒரே சொல் என்றேனே, ‘கம்’ எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். அது நாயின் சொல். கணக்கில் சேராது.

மறுநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை வேடிக்கையாகச் சொல்லி வைத்தேன். என் போதாத காலம், அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் ‘வெல்கம் சார்’ என்றார்கள். முன் பெஞ்சிலிருந்த ஒரு சுட்டியைப் பார்த்து, அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, “கிணற்றடிக்கு வாருங்கள் சார். நீங்கள் வெயிலில் வந்திருக்கிறீர்கள்” என்றாள். தலைமை ஆசிரியையின் முகம் சாக்பீஸ் நிறத்துக்குப் போயிற்று. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். சுட்டியைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “உண்மைதான். தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்” என்றார். இரண்டு தம்ளர் குடித்தார். என் வேலை தப்பியது.

வெல்லின் இங்கிலீஷ் ஞானத்துக்கு மகுடம் வைத்தது அடையாற்றுத் துரை ஒருவரின் பல்செட். தோட்டக் கிணற்றைத் தூர்வாரி முடித்துவிட்டு, பார்க்கும்படி துரையைக் கூப்பிட்டிருக்கிறார். துரை குனிந்து பார்த்து, அடியில் பளபளவென்று ஊறும் தண்ணீரைக் கண்டு ஆச்சரியப்பட்டு, “வெல், வெல், வெல்!” என்றார். மூன்றாவது வெல்லோடு பல்செட்டும் கிணற்றுக்குள் போய்விட்டது.

“நா இன்னா நெனைக்கறதும்மா? இருக்கறது ஒரு கெணறு. இவரு மூணுன்றாரு. மீதி ரெண்டு எங்க கீதுன்னு நா தோட்டத்துல தேடிக்கினு கீறேன். துரை வாயப் பொத்திக்கினு குதிக்கிறாரு. பல்லு இல்லாத அவரால ஒரு வார்த்தையும் ஒழுங்காச் சொல்ல முடியல. ஒண்ணே ஒண்ணுதான் வாயில நல்லா வந்துச்சு. அது இன்னான்னு நெனைக்கற?”

“வெல்.”

“அதாம்மா நா சொல்றது. பல்லு போனாலும் நிக்கிற வார்த்தை அது.”

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எழுத்திலும் பார்த்துவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. கரித்துண்டை எடுத்து எங்கள் கிணற்றுச் சுவரில் நாலு எழுத்தையும் கொட்டை கொட்டையாக எழுதிக் காட்டினேன். ஒரு வாரம் தினம் வந்து விரலால் தடவித் தடவி மனப்பாடம் செய்துகொண்டார். எட்டாம் நாள் கோபமாக வந்தார். மயிலாப்பூரில் ஒரு நகைக் கடை வாசலில் இங்கிலீஷ் போர்டு. அதற்கு நடுவில் நம்முடைய நாலு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இவர் நேரே உள்ளே போய்க் கிணற்றைக் காட்டச் சொல்லியிருக்கிறார். இங்கே கிணறே கிடையாது என்றார்களாம்.

“போர்டுல எழுதி வெச்சுக்கினு இல்லேன்றான்மா! கெணத்துக்குள்ள நகைய ஒளிச்சு வெச்சுக்கினு கீறான். வேற இன்னா?”

‘ஜுவல்லர்ஸ்’ என்று எழுதினால் அதன் வயிற்றுக்குள் ‘வெல்’ இருக்கும் என்பதை, இங்கிலீஷ் டீச்சராகிய நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், தனியாக நின்றால்தான் அது கிணறு என்று அவருக்கு விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று.

இதற்குள் என் கணவர் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அவர் கம்பவுண்டர். பட்டாள ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டுமென்று எடுத்துக்கொண்டு, பர்மா எல்லைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அடுத்து, பட்டணத்தின் மேல் ஜப்பான்காரன் குண்டு விழப் போகிறது என்ற பயம் வந்தது. ஒரே வாரத்தில் தெரு காலி. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வக்கீல் வீட்டு மாமி, வெள்ளிப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, கும்பகோணத்துக்கு ரயிலேறினாள். என் மாமியார் அசையவில்லை. “என் பிள்ளை லீவில் வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது?” என்றார். அவரை விட்டு நான் எங்கே போக?

கதவு பூட்டிய தெருவில் நாங்கள் இரண்டே பெண்பிள்ளைகள். காக்கைகூடக் குறைந்துவிட்டது. வெல் மட்டும் தினம் காலையில் வருவார். வாளி விழுவதற்கு ஊரில் ஆளே இல்லை, இவருக்கு என்ன வேலை? வாசலில் நின்று, “டீச்சரம்மா, வெல்லா?” என்று ஒரு குரல். நான் தலையை ஆட்டுவேன். உள்ளே வந்து கிணற்றை எட்டிப் பார்ப்பார். மாமியார் இருக்கும் திசையையும் ஒரு பார்வை. பிறகு போய்விடுவார். கிணற்றை விசாரிக்கிறாரா, எங்களை விசாரிக்கிறாரா என்று எனக்குப் புரிய நாலைந்து நாளாயிற்று.

அவர் சீக்கிரம் போய்விடுகிறாரே என்று எனக்கு வருத்தம். பேச வேறு ஆள் கிடையாது. ஒரு நாள் அவருடைய இரும்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதும், வாளியை நானே கிணற்றுக்குள் நழுவ விட்டேன். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் அடையாற்றுக் கதைகள் சொன்னார். இரண்டு நாள் கழித்து மறுபடி நழுவ விட்டேன். நாலாவது தடவை அவர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கயிறு அந்து வுழுந்த வாளி எது, கைய வுட்டு வுழுந்த வாளி எதுன்னு எனுக்குத் தெரியாதா டீச்சரம்மா? வாளி நசுங்குது. பேசணும்னா கூப்புடு. குந்திக்கினு பேசிட்டுப் போறேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் அன்றையிலிருந்து வாளி பிழைத்தது.

அப்புறம் ஒரு நாள் எனக்கு நல்ல காய்ச்சல். வாசலில் வழக்கமான குரல் கேட்டதும், படுத்தபடியே, “இன்னிக்கு நாட் வெல்” என்றேன்.

“நாட் வெல்லுன்னா?”

“உடம்பு சரியில்லை. ‘நாட்’ன்னா இல்லைன்னு அர்த்தம்.”

“கெணறு இல்லாத ஊடு” என்று அவர் தனக்குத்தானே மொழிபெயர்த்துக்கொள்வது கேட்டது. “ஐயோ பாவம். அப்பிடியும் ஒரு வார்த்தை வெச்சுக்கினு கீறானா?” போனவர் மத்தியானம் வந்தார். நொச்சிக்குப்பத்திலிருந்து நெத்திலிக் குழம்பு ஒரு சட்டி, அவர் மனைவி வைத்தது. “கெணறு வத்தினா இறைக்கக் கூடாது. சொம்மா வுடணும். தானா ஊறும். நீ எழுந்திரிக்காத” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வேண்டிய தண்ணீரை அவரே இறைத்து ஊற்றினார்.

பயம் ஓய்ந்து ஊர் திரும்பியது. மாமியும் வந்து சேர்ந்தாள். வெள்ளிப் பாத்திரச் சாக்கை எடுக்க வெல் இறங்கினார். மேலே மாமி, அவள் கணவர் வக்கீல், வேடிக்கை பார்க்க நான். சாக்கு பத்திரமாக வந்தது. கூடவே பாதாளக்கரண்டியின் ஒரு கொக்கியில் வக்கீலின் வெள்ளி மூடி போட்ட பொடி டப்பாவும் வந்தது. காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டதாக மாமி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே டப்பா. மாமியின் முகம் வெளுத்தது.

“அது என்னடா கறுப்பா?” என்றார் வக்கீல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

“தவக்களை சார்” என்று வெல் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் மாமி வீட்டில் அவருக்கு வாரம் ஒரு தடவை தயிர்சாதம் கிடைத்தது. அதுவும் கொல்லைப்புறத்தில்தான். அவர் கிணற்றின் அடி வரை போகலாம், கூடத்துக்குள் வரக்கூடாது. அந்த நாள் வழக்கம் அப்படி. அதை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகும்.

அந்த மழைக்காலத்தோடு என் கணவரிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று. மாமியார் ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்குவதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வேன். சாக்பீஸ் தூசி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கிணற்றில் தூர்வாரும் வேலை. வெல் உள்ளே இருந்தார். வாசலில் சைக்கிள் மணி. தந்திக்காரர். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நாளில் தந்தி என்றால் ஒரே ஒரு சேதிக்குத்தான். மாமியார் அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் படிக்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்த ஒரு காகிதத்தைப் படிக்கத் தைரியமில்லை. கிணற்றடியில் நின்றுகொண்டு அழுதேன். அழுகைச் சத்தம் கேட்டு வெல் மேலே ஏறி வந்தார். உடம்பெல்லாம் சேறு.

“இன்னாமா அது?”

“தந்தி. என்னால முடியலை.”

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பிரித்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். காகிதத்தின் மேல் அவர் விரல் ஊர்ந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“டீச்சரம்மா. நம்ம வெல்லு கீது.”

ஆனால் இங்கிலீஷ் தெரிந்தவளுக்கு அவ்வளவு சுலபத்தில் நிம்மதி வருமா?

“நல்லாப் பாரு. தனியா நிக்குதா, இல்லை நகைக் கடை மாதிரி வேற எழுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குதா?”

“தனியாத்தான் கீது. ரெண்டு பக்கமும் எடம் வுட்டுக்கினு.”

“அதுக்கு முன்னாடி என்ன வார்த்தை? மூணு எழுத்தா?”

‘நாட்’ என்பதற்கு இங்கிலீஷில் மூன்று எழுத்து. அந்த எழுத்து தெரியாவிட்டாலும், நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ‘கெணறு இல்லாத ஊடு’ என்று முணுமுணுத்தது அவர்தானே.

“இரு, எண்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு...” அவர் நிறுத்தினார். “நாலு, அஞ்சு...” தலையிலிருந்து ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்து, பென்சில் எழுத்து ஊதாவாகக் கசிந்தது. “ஐயோ! ஆறு... ஏழு... எட்டு, ஒம்போது. ஒம்போது எழுத்தும்மா! சத்தியமா ஒம்போது!”

ஒன்பது எழுத்தில் என்ன வார்த்தை என்று யோசிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. பாய்ந்து பிடுங்கிப் படித்தேன். கல்கத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலில் காயம். ‘அதர்வைஸ் வெல்’. கடிதம் பின்னால் வருகிறது.

நான் சத்தம் போட்டுப் படித்ததும் மாமியார் விம்மி அழுதார். வெல் சேற்று உடம்போடு அப்படியே நின்றார்.

“அதர்வைசுன்னா இன்னாமா?”

“மத்தபடி.”

“மத்தபடி கெணறு நெறைய கீது” என்றார். “போதும்மா. காலு நொண்டினா இன்னா? நாம இறைச்சு ஊத்துவோம்.” சொல்லிவிட்டுத் தூர்வாருகிற சாக்கில் மறுபடி உள்ளே இறங்கிவிட்டார். அன்றைக்கு அவர் உள்ளேயிருந்து வர ரொம்ப நேரமாயிற்று. மேலே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கேட்டதற்கு, சேறு தெறித்துவிட்டதென்றார்.

எங்கள் பங்குக் கோயிலான மாதா கோயிலில் நன்றிப் பூசை வைக்கப் போனேன். யார் யார் பெயருக்கு என்று சாமியார் கேட்டார். என் கணவர் பெயரைச் சொன்னேன். அடுத்த பெயர் எனக்குத் தெரியவில்லை. பட்டப்பெயரைப் பூசைப் புத்தகத்தில் எழுத முடியாது என்றுவிட்டார் சாமியார். திரும்பி வந்து கிணற்றடியில் அவரைப் பிடித்தேன்.

“உங்க பேர் என்ன?”

முதல் தடவையாக அவரை ‘உங்க’ என்றேன். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கும்மா?”

“சாமிகிட்ட சொல்லணும்.”

கொஞ்ச நேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “எங்கம்மா வெச்சது. அது போனதுக்கு அப்பால யாரும் கூப்புட்டதில்ல” என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி அந்தப் பெயரைச் சொன்னார்.

அது என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். எனக்கு மட்டும் சொன்னது. என் கணவர் காலமான பிறகும், தினமும் காலை ஜெபத்தில் அவருக்கு அடுத்தபடியாக அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன்.